மதகில் கட்டிய கயிறு

பிப்போவுக்கு ஆண்கள் என்றாலே ஆகாது. இத்தாலியின் பலெர்மோ நகரில் வாயிற்காவலர் முதல் வீட்டுக்கு ஆசீர்வாதம் பண்ண வந்த பாதிரியார் வரை ஒருவர் பாக்கியில்லாமல் குரைத்துத் தள்ளிய நாய். இந்தப் படகை ஓட்டும் கிழவரைக்கூட அது விட்டுவைக்கவில்லை. அப்படிப்பட்டது, படகு முனையில் கிடந்த ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. நாகபூசணி வெங்காயம் உரிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடை. ஊரருகே மொண்டெல்லோக் கடற்கரைக் கூட்டம் அலுத்துப்போன வீட்டு எஜமானி சிஞ்ஞோரா, பாதுவாவிலிருந்து வெனிஸ் போகும் கால்வாயில் ஒரு படகை வாடகைக்குப் பிடித்தார். சமைக்கவும் நாயைப் பார்க்கவும் வேலைக்காரி நாகபூசணி. அவளுக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும் என்பது சிஞ்ஞோராவுக்குத் தெரியாது. கேட்டால்தானே சொல்வதற்கு!

மூன்று வருடத்துக்கு முன் அவள் யாழ்ப்பாணத்திலிருந்து தப்ப, கிளாலிக் கடலேரியை இருட்டில் கடந்தவள். இயந்திரப் படகொன்றின் பின்னால் கயிற்றில் கோத்த படகுகள். முன்படகில் பெண்கள், கடைசியில் அவள் புருஷன் ஜெயரட்ணம். கடற்படையின் துப்பாக்கிச் சூடு தொடங்கியதும் யாரோ கயிற்றை வெட்டிவிட்டார்கள். கடைசிப் படகு இருட்டுக்குள் போனது போனதுதான்.

உடலைக் கண்டவர் இல்லை. அதனால் அவள் பொட்டை அழிக்கவில்லை. பலெர்மோவின் போர்கோ வெக்கியோ பகுதியில் இருந்த தன் அறையில் தினமும் அவருக்கென்று ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள். கலியாண வீட்டில் இவளை ஆராத்தி எடுக்கக் கூப்பிடுவதா, விடுவதா என்று தெரியாமல் சனம் முழித்தது. கனடாவிலிருந்து ஜெயரட்ணத்தின் தங்கை கனகேஸ்வரி போனில் அழுவாள்.

"அந்தியேட்டிக் கிரியையாவது செய்யுங்கோ மச்சாள். அண்ணை கரை சேராமல் அலையிறார்."

"செய்தால் நான்தானே அவரைச் சாக்காட்டினதாகும்" என்று இவள் போனை வைத்துவிடுவாள்.

பகல் சாப்பாடு முடிந்த நேரம், படகு ஒரு மதகுக்குள் நுழைந்தது. முன்னும் பின்னும் பெரிய கதவுகளை மூடி, தண்ணீரை வடியவிட்டுப் படகைப் பள்ளத்துக்கு இறக்குவார்கள். கரையிலுள்ள தூணைச் சுற்றிவந்த கயிற்றின் நுனியைக் கையில் பிடித்து, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டிவிடாதே என்று கிழவர் இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் நுனியை நாகபூசணியிடம் கொடுத்தார்.

பாசி பிடித்த சுவர்கள் இருபுறமும் உயர்ந்தன. வெயில் மேலேயே நின்றுவிட்டது. தண்ணீர் இரைச்சலுக்குள் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. ஜெயரட்ணம் தொய்வு என்ற இழுப்பு வருத்தக்காரர். படுக்கையில் அவளுக்குப் பக்கத்தில் கேட்ட அதே மூச்சு. பிப்போ நாற்காலியருகே போய்த் தலையை நீட்டியது. யாரோ தடவிக்கொடுப்பது போல அதன் காதுகள் பின்னால் மடிந்தன.

அவளுக்குப் பயம் வரவில்லை. ஆசைதான் வந்தது. இந்தமுறை விடமாட்டேன் என்று படகின் இரும்புக் கட்டையில் கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

தண்ணீர் இறங்கியது, கட்டிய பக்கம் இறங்கவில்லை. படகு ஒருக்களித்துத் தொங்கியது. கோப்பைகள் உருண்டு உடைந்தன. சிஞ்ஞோரா கதவைப் பிடித்துக்கொண்டு அலறினார். "அவிழ்! அவிழ்!" என்று கிழவர் சுக்கானிலிருந்து கத்தினார். பிப்போ வழுக்கிப்போய் விளிம்பில் நகங்களால் தொற்றி நின்றது. கீழே, படகுக்கும் சுவருக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர். இறுகிய முடிச்சு அவிழ மறுத்தது.

அப்போது காதோரம் அந்தக் குரல், களைத்துப்போய்:

"இஞ்சரப்பா, விடு. எனக்குக் கை நோகுது."

இத்தனை நாளும் தான் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். மறுபக்கம் அவரும் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார், பாவம். நாகபூசணி சமையல் கத்தியை எடுத்துவந்து, ஓவென்று அழுதபடி கயிற்றை அறுத்தாள்.

படகு தொப்பென்று விழுந்து, ஆடி, நிமிர்ந்தது. கிழவர் பாய்ந்து பிப்போவை இழுத்தெடுத்தார். நாய் அவர் கையிலிருந்து திமிறிப்போய் நாற்காலிக்கடியில் மோந்து மோந்து தேடிவிட்டு, முனகிக்கொண்டு திரும்பி வந்தது.

"உனக்கென்ன பைத்தியமா, நாகா?" என்று கத்திய சிஞ்ஞோரா, அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "என்ன நடந்தது?"

"என்ரை புருஷன் செத்துப்போனார், சிஞ்ஞோரா."

"கடவுளே! எப்போது?"

நாகபூசணி முன்தானையால் முகத்தைத் துடைத்தாள். பொட்டும் சேர்ந்து போயிற்று.

"இப்பதான்" என்றாள்.