பிடித்து விடப்படும்

எண்பத்தொன்பதில் பலாபத்வலையில் என் சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறையை மகாலிங்கம் வாடகைக்கு எடுத்தார். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்து ஓய்வு பெற்றவர். அடிபட்ட, நொந்த உடம்பைப் பிடித்து விடுவது தொழில். மந்திரம், தைலம் எதையும் நம்பமாட்டார். "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார், கை எதுவரை எழும்புகிறதென்று பார்ப்பார், பிடித்து விட்டபின் இரண்டையும் மறுபடி பார்ப்பார். அதுதான் அவருக்கு ஆதாரம். கழுத்து பின்பக்கம் திரும்பிப்போன ஒரு லொறி டிரைவர், தம்புள்ளையிலிருந்து ரிவர்ஸிலேயே வந்திறங்கி, போகும்போது நேராக ஓட்டிப் போனதை நானே கண்டேன்.

கதவுக்கு மேலே பலகை எழுதியவன் பெயிண்டர் மர்சூக். தமிழில் 'பிடித்து விடப்படும்'. கீழே அதையே சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் எழுதிவைத்தான். சிங்களத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆளைப் பிடிப்போம், பிறகு விடுவோம்.

கிளர்ச்சிக்காரரென்று பட்டாளம் ஜீப்பில் வந்து ஆள் பிடித்த வருஷம் அது. பிடிபட்டவர்கள் திரும்பவில்லை. பலகை ஏறிய மறுநாளே பல்லேபொலப் பக்கத்துத் தாய்மார் போட்டோக்களோடு வரிசையில் நின்றார்கள்.

"மாத்தியா, எங்க புள்ளைங்கள எப்ப விடுவீங்க?"

"இது தோள்பட்டைக்கும்மா," என்றார் மகாலிங்கம். யாரும் நகரவில்லை. பலகையைக் கழற்றித் திருத்த மர்சூக் ஏணியும் பிரஷும் கறுப்புப் பெயிண்டுமாக வந்தான். தாய்மார் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள், விடவில்லை.

அப்போதுதான் நம்பர் பிளேட் இல்லாத ஜீப் வந்தது. வரிசை சத்தமில்லாமல் கரைந்தது. அதிலிருந்து இறங்கிய அதிகாரி பலகையைப் பிடுங்கக் கையைத் தூக்கினார். கை தோளோடு நின்றுவிட்டது.

"பிடிக்கிறது நாங்க," என்றார் சிங்களத்தில். "விடுறதுக்கு நீ யாரு?"

"வலிக்குப் பிடிச்சு விடுறவன், சேர்."

"ஆதாரம்?"

"அந்தக் கைதான் சேர். பத்துக்கு எத்தனை வலி?"

"கேள்வி கேக்கிறது என் வேலை." தோளைத் தடவிக்கொண்டே, "எட்டு. குறையலன்னா நீ ஜீப்பில ஏறு."

இருவரும் உள்ளே போனார்கள். நான் என் கடைப் பக்கமிருந்து பலகைத் தடுப்பில் காதை வைத்தேன். மகாலிங்கத்தின் குரல் கேட்டது: "ஒரே அசைவ ஓயாமச் செஞ்சு இறுகியிருக்கு. இந்தக் கையால என்ன வேலை செய்றீங்க, சேர்?"

என் கடையில் தொங்கிய காற்றில்லாத டியூப் ஒன்று தானாக வெடித்தது.

"எதுவானாலும், கொஞ்ச நாள் நிறுத்தணும், சேர்."

"நீ பிடி."

வெளியே வந்தார்கள். "இப்ப தூக்குங்க, சேர்." கை தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, பலகையைத் தொட்டது.

"மூணு," என்றார் அதிகாரி. மகாலிங்கத்துக்கு மூச்சு வந்தது.

அதிகாரி மர்சூக்கின் பிரஷை வாங்கி, அதே கையால் இரண்டு மொழியிலும் கடைசிச் சொல்லைக் கறுப்பாக்கினார். "ஆதாரம் சரி. இனி கிழமைக்கிழமை வருவேன். எனக்கு வேலை கிடக்கு."

மறுநாள் தாய்மார் வந்து பலகையை வாசித்தார்கள். 'பிடித்து' மட்டும் மிஞ்சியிருந்தது.

"மிச்சத்த எப்ப எழுதுவீங்க, மாத்தியா?"

மகாலிங்கம் அந்தத் தோளைப் பிடித்து விட்ட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.