வீட்டுக்காரன் என்ற சொல்

பாதிரியார் விதர்ஸுக்கு வேலை குறைவு, படிப்பு அதிகம். வட இங்கிலாந்தில் எங்கள் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குத் தேவாலயத்தில் வாரத்துக்கு ஒரு பிரசங்கம் போக, மிச்ச நேரமெல்லாம் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டிருப்பார். தோண்டியதை எங்கள் சாப்பாட்டு மேஜையில் அவர் கொண்டுவந்து கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் வாழ்க்கை கெட்டது.

"ஹஸ்பண்ட்னா பொண்டாட்டி உள்ளவன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். பழைய இங்கிலீஷ்ல அதுக்கும் பொண்டாட்டிக்கும் சம்பந்தமே இல்ல. சொந்தமா வீடு வாசல் உள்ளவன், வீட்டுக்காரன், அவ்வளவுதான்" என்றார்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸைப் பார்த்து அப்பா சிரித்தார். "அப்ப ஒனக்கு ஆயுசுக்கும் அந்தப் பேரு கெடையாதுடா."

ஆம்ப்ரோஸ் எங்கள் பண்ணையாள். சின்ன வயதிலேயே வந்து எங்கள் கூரையின் கீழேயே உண்டு உறங்கியவன். அவனுக்கு என்மேல் ஆசை, எனக்கு அதைவிட. புல்லறுப்பு முடிந்ததும் அப்பாவிடம் என்னைப் பெண் கேட்பதாக இருந்தான். கேலியை அவன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கனடாவில் நிலம் சும்மா கொடுக்கிறார்களாம் என்று கப்பல் ஏறிவிட்டான்.

"வீட்டுக்காரனா வந்துதான் கேப்பேன், தாமசின்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நிலம் கிடைத்தது, வீடு எழும்பவில்லை. ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் மாடு செத்தது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே எழுதினான். உன் வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று சந்தையில் பெண்கள் என் வாயைக் கிளறுவார்கள். எனக்கு வீடும் வேண்டாம், வாசலும் வேண்டாம். அவன் ஈரக் காலுறை அடுப்போரம் காய்கிற அந்த நாற்றம் திரும்ப வந்தால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

போன வாரம் பாதிரியார் மூச்சிரைக்க வந்தார். அந்தச் சொல்லைப் பற்றி அன்று சொன்னது பாதிதான் என்றார். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இங்கே குடியேறிய டேனியர்களின் சொல்லாம் அது. இன்னும் ஆழமாகத் தோண்டினால் அதில் சொந்தம் என்ற பேச்சே இல்லையாம்.

"வீட்ல குடியிருக்கிறவன். அவ்வளவுதாம்மா அர்த்தம். அழகா இல்ல?"

தேநீர் ஊற்றாமலே கெட்டிலைக் கீழே வைத்தேன்.

"அப்படின்னா, எங்க வீட்ல இருந்த வரைக்கும் அவர் வீட்டுக்காரர்தானே, ஐயா?"

பாதிரியாருக்கு அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, தன்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். மையையும் காகிதத்தையும் அவர் முன்னால் நகர்த்தினேன்.

"இப்ப சொன்னத அப்படியே அவருக்கு எழுதுங்க. நான் எழுதினா, ஏங்குறேன்னு நெனச்சு வீடு கட்ட இன்னும் வேகமா மரம் அறுப்பார். ஒங்க பேச்சைத்தான் நம்புவார். போன தடவை நம்பினாரே."