கண்மேல் கறுப்புப் பட்டை

“உங்க பொண்ணு படத்த வெளிநாட்டு டாக்டருங்களுக்குக் காட்டலாமாம்மா?”

பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சௌந்தரராஜன் இப்படிக் கேட்டபோது ஜெயசெல்வி கணவனின் முகத்தைப் பார்த்தாள். சூசை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் லூர்து தூங்கினாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே தலையில் நீர் கோத்து, தலை பூசணிப் பிஞ்சு போலப் பருத்துக்கொண்டே வந்த பிள்ளை. காதுக்குப் பின்னாலிருந்து வயிறுவரை தோலுக்கடியில் மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, அந்த நீரை வடிய வைத்திருந்தார்கள்.

“இதே மாதிரி பிள்ளைங்க எல்லா நாட்டுலயும் இருக்குதும்மா. இந்தக் குழாய நாங்க கொஞ்சம் மாத்தி வெச்சிருக்கோம். நல்லா வேலை செய்யுதுன்னு எழுதினாத்தான் மத்தவங்களும் வெப்பாங்க. அவங்க கண்டுபிடிச்சத நமக்கு எழுதுவாங்க. முகம் அடையாளம் தெரியாமத்தான் போடுவோம்.”

அவள் தலையாட்டினாள். டாக்டர் கேட்டதற்கு மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஏது தைரியம்? கிளம்பும்போது அவர் சொன்னதுதான் அவள் நெஞ்சில் தைத்து நின்றது.

“குழாய் அடைச்சிக்கிட்டா கண்ணுல தெரியும். கருவிழி, சூரியன் சாயற மாதிரி கீழ எறங்கிடும். மேல வெள்ளை தெரியும். உடனே தூக்கிட்டு வந்துடணும். விட்டா பார்வை போயிடும். உசுருக்கே ஆபத்து.”

அடுத்த வருஷம் சோதனைக்குப் போனபோது டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, மருத்துவப் பத்திரிகையின் வழவழப்பான தாள்கள் சிலவற்றைக் கொடுத்தார். “உங்க பொண்ணு ஜப்பான், ஜெர்மனி எல்லாம் போயிட்டு வந்துட்டாம்மா. பிரேசில்லேருந்து ஒரு டாக்டர், இப்ப எப்படி இருக்கான்னு கேட்டு எழுதியிருக்கார்.”

ஊர் திரும்பும் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டிய பிறகுதான் அவள் தாளைப் பிரித்தாள். இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவில் லூர்து. அதே தலை, அதே வாய், கழுத்தில் அதே மாதா பதக்கம். கண்கள் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை.

ஜெயசெல்வி தாளைக் கணவன் பக்கம் நீட்டினாள். “என்னங்க, புள்ள கண்ண ஏன் அழிச்சிட்டாங்க?”

“அச்சு மை கொட்டியிருக்கும், விடு” என்றான் சூசை.

மை இத்தனை நேராகவா கொட்டும்?

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து லைன் வீட்டில், அடுத்த வாசலில் இட்லி சுடுகிற சென்னம்மாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தாள். “போலீசு புடிச்சவங்களுக்குத்தான் பேப்பர்ல இப்படிப் போடுவாங்க. உம் மவ சாராயம் காய்ச்சினாளா செல்வி?”

செல்வியும் சிரித்து வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தாளை மறுபடி பிரித்தாள். அத்தனை தேசத்து டாக்டர்களும் கூடிப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்குக் கண் நிலைக்காது என்று எழுதிவிட்டார்கள். நம் டாக்டருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. தாளைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால்கூட இப்போது பயமாக இருந்தது.

அன்று முதல் காலையில் பிள்ளை விழித்ததும் அவள் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். கம்பெனியில் கழித்துப்போட்டதென்று சூசை கொண்டுவந்திருந்த பளபளப்பான பேரிங் வளையத்தை எடுத்து, லூர்துவின் முகத்துக்கு முன்னால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே என்று ஆட்டுவாள். பிள்ளையின் கண் வளையத்தின் பின்னாலேயே ஓடும். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

“கண்ணாஸ்பத்திரி தொறந்தாச்சா?” என்று சூசை தினமும் கேலி செய்வான். “டோக்கன் குடு, நானும் காட்டிக்கிறேன்.”

மழை மூட்டமாயிருந்த ஒரு காலையில் லூர்து பாலைக் கக்கினாள். சிணுங்கக்கூட இல்லாமல் துவண்டு கிடந்தாள். செல்வி வளையத்தை ஆட்டினாள். மேலே தூக்கினாள். மறுபடியும் தூக்கினாள்.

“என்னங்க, கண்ணு மேல வரல.”

“தூக்கக் கலக்கம்டி. நீ காட்டற லட்சணம் அப்படி. குடு இங்க.” காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்த சூசை வளையத்தை வாங்கினான். “தங்கம், இங்க பாரு, அப்பா கிட்ட என்ன இருக்குது பாரு...”

கூரை ஓடு வரைக்கும் கையைத் தூக்கினான். பிள்ளையின் கருவிழிகள் கீழ் இமைக்குள் பாதி புதைந்தபடியே கிடந்தன. மேலே வெள்ளை, பிறையாகத் தெரிந்தது.

அவன் கை மெல்ல இறங்கியது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

தாளில் இருந்தது வீட்டுக்கு வந்துவிட்டது என்று செல்வி நினைத்தாள். பிரேசில்காரருக்கு இனி என்ன பதில் எழுதுவார்கள்? “என்னங்க...” என்றாள்.

சூசை வளையத்தைத் தரையில் வைத்தான். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கவில்லை. செருப்பும் போடவில்லை. செல்வி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, டிரைவர் கூப்பிடக் கூப்பிடக் கம்பெனி பஸ்ஸைத் தாண்டி, டாக்சி ஸ்டாண்டுப் பக்கம் அவன் ஓடிக்கொண்டிருந்தான்.