ஒரே எண்ணில் பன்னிரண்டு பேர்

புத்தூரில் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அமரும் பானுமதி யாரிடமும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "போன் நம்பர் சொல்லுங்க" என்பாள். அந்த எண் கணினியில் ஏற்கெனவே இருந்தால், பழைய விவரங்களின் மேலேயே புதியவற்றைத் தட்டுவாள். "பழையதை மாற்றவா?" என்று திரை கேட்கும். படிக்காமலேயே "ஆம்" என்பதை அழுத்துவாள்.

பச்சைமலையில் ஓர் ஊர். அங்கே சிக்னல் கிடைப்பது கடைக்காரர் ரங்கசாமியின் கைபேசிக்கு மட்டும்தான். ஊரார் எங்கே போனாலும் அவருடைய எண்ணையே சொல்வார்கள்.

ஒரு நாள் காலை, நடுவயதுப் பெண் ஒருத்தி மேசையின் முன் நின்று அந்த எண்ணைச் சொன்னாள்.

"வள்ளிக்கண்ணுதானே?" என்றாள் பானுமதி, திரையைப் பார்த்து.

"அது என் நாத்தனாருங்க. போன மாசம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் வந்தேன்."

"அப்ப உங்க பேரு?"

அவள் மெல்லச் சொன்னாள்: "அதைத் தேடித்தாங்க வந்தேன். நாத்தனா இங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்து என்னை யாரும் கூப்புடலீங்க. வூட்டுக்காரரு சோத்துத் தட்டை ஒண்ணு கொறச்சுத்தான் வைக்கிறாரு. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

"காலங்காத்தால கிண்டலா?" என்று பானுமதி சிரித்தாள்.

வரிசையில் அடுத்து நின்ற பெரியவர், அந்தப் பெண் நின்ற இடத்துக்குள்ளேயே வந்து நின்றார். "என்னம்மா, சுவத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டிருக்கீங்க?"

பானுமதி எழுந்து அலமாரியைத் திறந்தாள். மருத்துவர் கைப்பட எழுதிய பழைய சீட்டுகள் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. ரங்கசாமியின் எண் பன்னிரண்டு சீட்டுகளில் இருந்தது. கணினியில் எஞ்சியிருந்ததோ கடைசியாக வந்தவள் மட்டும். மற்ற பதினொரு பேரையும் அழித்தது பானுமதியின் விரல்தான்.

வள்ளிக்கண்ணுவின் சீட்டுக்கு முந்தையதை எடுத்தாள். இம்முறை எண்ணோடு பெயரையும் சேர்த்து, தனிப் பக்கம் ஒன்றைத் திறந்து பதிந்தாள். பிறகு உரக்கக் கூப்பிட்டாள்: "காளியாயி!"

"இருக்கேங்க!"

பெரியவர் துள்ளி விலகினார். "இந்தம்மா எப்ப வந்துச்சு?"

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றாள் பானுமதி. காளியாயி தன் பெயரைத் தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இன்னும் பத்துச் சீட்டுகள் இருந்தன. அன்று பானுமதி சாப்பிடப் போகவில்லை. ஒவ்வொரு பெயராகப் பதிந்து, எதிரே காலியாகக் கிடந்த பெஞ்சை நோக்கிக் கூப்பிட்டாள். "இருக்கேங்க" என்ற குரல் வந்த பிறகே அடுத்த சீட்டை எடுத்தாள்.