வலிக்காத கால்

தவசிமுத்துவுக்குப் பயமா என்று கேட்டால் ராஜபாளையம் சத்திரப்பட்டி ரோட்டில் அவர் வேலை பார்க்கிற தறிக்கொட்டகையே சிரிக்கும். ஓடுகிற தறிக்குள் கைவிட்டு அறுந்த இழையை எடுக்கிற மேஸ்திரி அவர். ஒருமுறை குறுக்கிழையைக் கொண்டு ஓடுகிற தறி நாடா எகிறி வந்து காதோரம் உரசிக்கொண்டு போனபோது, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அடுத்தது பாருங்கலே" என்று சொன்னவர். அப்பேர்ப்பட்ட மனிதர் சில வாரங்களாகக் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தன் இடது காலைத் தானே பார்க்கப் பயந்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

பயம் புண்ணைப் பற்றி அல்ல. புண்ணைப் பார்த்தால் டாக்டரிடம் போகவேண்டி வரும், டாக்டரிடம் போனால் கத்தி வரும். கத்தி வந்தால் என்ன ஆகும் என்று அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

அவருக்கும் அண்ணன் ஐயாதுரைக்கும் சர்க்கரை உண்டு. அப்பா இரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்த சொத்து அது ஒன்றுதான். சில வருடங்களுக்கு முன்னால் அண்ணனுக்குக் காலில் புண் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்கு மேலே. கடைசியாகப் பார்க்கப் போன அன்று அண்ணன் கட்டிலில் கிடந்தபடி மதினியிடம் சொன்னார்: "கிருபா, கட்டைவிரல் அரிக்குது. செத்த சொறிஞ்சு விடு." அங்கே விரலும் இல்லை, காலும் இல்லை, போர்வை தட்டையாகக் கிடந்தது. தவசிமுத்து வராந்தாவுக்கு ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே அண்ணன் போய்விட்டார். கத்தி பட்டுத்தான் அண்ணன் செத்தான் என்று அன்றைக்கே அவர் மனசில் எழுதி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் ஏறவில்லை.

புண் வந்த கதை இப்படி. அந்தக் கொட்டகையில் நெய்வது ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி. துணியில் மண் ஒட்டினால் வாங்குகிற பார்ட்டி திருப்பி அனுப்பிவிடுவான். ஆகையால் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் யாரும் செருப்புப் போடக் கூடாது. மேஸ்திரியே போட்ட சட்டம், மேஸ்திரியும் வெறுங்காலோடுதான் நடப்பார். அவருக்கு அது சிரமமாகவும் இல்லை. ஒன்றிரண்டு வருடமாகவே உள்ளங்கால் சாக்கை மிதிப்பதுபோல் மதமதவென்று இருந்தது. சித்திரை வெயிலில் முற்றத்துச் சிமெண்டில் நின்று பீடி பிடிப்பார். பையன்கள் வாயைப் பிளப்பார்கள். "கால்னா இதுல்லாலே கால்" என்பார்.

ஒரு நாள் மடித்து வைத்த துணியில் சிவப்பு சிவப்பாகக் கறை. தவசிமுத்து கொதித்துப்போனார்.

"எவன்லே ரத்தக் காலோட துணிய மிதிச்சது? எல்லாவனும் காலைத் தூக்கிக் காட்டுங்கலே!"

எல்லோரும் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்டினார்கள். கடைசியில் நாடாக்காரன் பொன்னுராஜ் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "மேஸ்திரி, கறை நீங்க நிக்கிற இடத்துலருந்துதான் வருது."

குனிந்து பார்த்தார். இடது காலின் சுண்டுவிரலுக்குக் கீழே ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு எறும்பு கடித்த வலிகூட இல்லை. "கண்ணாடிச் சில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்தும் வைத்தார். ஆனால் அன்றைக்கு முற்றத்துக்குப் பீடி பிடிக்கப் போகவில்லை.

மருந்துக்கடைக்குப் போனால் யாருக்கு என்று கேட்பான். அதனால் தறியிலிருந்தே ஒரு முழம் கத்தரித்துக் கட்டிக்கொண்டார். ஊருக்கே கட்டுத்துணி போடுகிறவனுக்குக் கட்டுப் போடத் தெரியாதா? தறியிலிருந்து இறங்குகிற துணி, நூலுக்குப் போட்ட கஞ்சியும் தூசியுமாக இருக்கும், அதை வெளுத்து, வேகவைத்து, உறை போட்ட பிறகுதான் புண்ணுக்கு ஆகும் என்று புதிதாக வருகிற பையன்களுக்குப் பாடம் எடுக்கிறவரே அவர்தான். தெரிந்த மனிதர்தான் கட்டினார். பயந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

தினமும் புதுத்துணி. தினமும் மேலே கொஞ்சம் மஞ்சள்தூள். வலிக்கவில்லை, அதனால் ஆறிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டார். இடையில் குளிர்காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டார். மனைவி பரிபூரணம் வாடை அடிக்கிறதே என்று கேட்டபோது, "கஞ்சித் தொட்டி புளிச்சுப்போச்சுட்டி, சட்டையில ஏறிருக்கு" என்றார். தறிக்காரன் வீட்டில் கஞ்சி வாடை புதிதா என்ன. அவள் சட்டையைச் சோடா உப்பில் ஊறப் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அசனம். சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்து. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணன் மனைவி கிருபாபாய் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, ஒரு காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்கக்கா, ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் பரிபூரணம்.

"ஏட்டி, இங்க யாருக்குப் புண்ணு?"

"புண்ணா? அது கஞ்சி வாடைக்கா. கொட்டகைச் சட்டை ஊறுது."

"கஞ்சி வாடை எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. இந்த வாடைக்குப் பக்கத்துல நான் ஒரு மாசம் படுத்திருக்கேன்."

உள் அறையில் வேட்டி மாற்றிக்கொண்டிருந்த தவசிமுத்துவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. காலில் பவுடரைக் கொட்டியிருந்தார். வேட்டியை இறக்கிக் கட்டியிருந்தார். எல்லாம் வீண். கிருபாபாய் அறை வாசலுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் நேரே காலைப் பார்த்தாள்.

"கட்டை அவுருங்க கொழுந்தனாரே."

"நீங்க உங்க ஜோலியப் பாருங்க மதினி. எங்க அண்ணனைக் கொண்டுபோய்க் கத்திக்குக் குடுத்தது பத்தாதா?"

பரிபூரணம் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்ன பிறகு தவசிமுத்துவுக்கே நாக்கு கசந்தது. கிருபாபாய் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நானா கொண்டுபோனேன்? அவிய என்னைக் கொண்டுபோக விட்டாத்தானே? வேட்டியக் கிழிச்சுக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு, வலிக்கல வலிக்கலன்னு உக்காந்திருந்தாவ. ஏசுனாவ, அடிக்கக்கூட வந்தாவ. கறுப்பு கெண்டைக்கால் ஏறி, நெனவு தப்புன பொறவுதான் ஆள் வச்சுத் தூக்கிட்டுப் போனேன். 'விரலோட இருந்தப்ப எங்கம்மா போனீய'ன்னு டாக்டர் கேட்டாரு.  செத்துப்போனவியளக் குத்தம் சொல்லக்கூடாதுன்னு இம்புட்டு நாளும் வாயத் தொறக்கல. கத்தி உங்க அண்ணனக் கொல்லல கொழுந்தனாரே. இந்தக் கட்டுதான் கொன்னுச்சு."

தவசிமுத்து கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடமாகச் சாய்ந்து நின்ற சுவரை யாரோ பின்னாலிருந்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் கிருபாபாய் தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தண்ணீர் விட்டு ஊறவைத்து இழுத்தாள். துணியோடு தோலும் வந்தது. இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அந்த முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

பரிபூரணம் காலைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தவசிமுத்துவும் அன்றைக்குத்தான் பார்த்தார். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் காய்ந்த திராட்சை நிறத்தில் இருந்தன. அதைச் சுற்றிச் சிவப்பு பாதத்தின்மேல் பாதி தூரம் வந்திருந்தது. இது என் கால் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது.

அசனத்துக்குப் போகவில்லை. மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஆள் மூக்கைத் துண்டால் பொத்திப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின் சீட்டும் காலியானது. ராஜபாளையத்தில் கடை கடையாக மேஸ்திரி என்று மரியாதை வாங்கிய மனிதர், வேட்டி முனையால் பாதத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மடவார் வளாகத்துப் பக்கம் கிருபாபாயின் தெருமுனையில் டாக்டர் தனுஷ்கோடியின் நர்சிங் ஹோம். டாக்டர் முதலில் கணுக்காலில் விரலை வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "ரத்த ஓட்டம் இருக்கு. நீங்க செஞ்ச புண்ணியம்" என்றார். பிறகு தவசிமுத்துவைக் கண்ணை மூடச் சொன்னார்.

"குத்தும்போது சொல்லுங்க."

தவசிமுத்து காத்துக்கொண்டிருந்தார். "இன்னும் குத்தலயே சார்?"

கண்ணைத் திறந்தபோது பரிபூரணம் அழுதுகொண்டிருந்தாள். ஊசி பாதத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஏற்கெனவே குத்திய புள்ளிகள் சிவந்து கிடந்தன.

டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம், கல்லில் நகம் பட்டதுபோல. வலி இல்லை, சத்தம் மட்டும் கேட்டது. தன் உடம்புக்குள்ளிருந்து வந்த சத்தத்தை வெளியே இருந்து கேட்பது எவ்வளவு பெரிய பயம் என்று தவசிமுத்துவுக்கு அந்த நிமிடம் தெரிந்தது. 

"எலும்பு" என்றார் டாக்டர். பிறகு இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்து, தட்டில் போட்டார். அரை விரல் நீளத்தில் தறிக்கம்பியின் உடைந்த துண்டு. தவசிமுத்துவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. எப்போது ஏறியது என்றுதான் தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டே இத்தனை நாளும் கொட்டகை முழுக்க நடந்திருக்கிறார்.

டாக்டர் அவிழ்த்த கட்டைத் தூக்கிப் பார்த்தார். "இது ஏது?"

"நாங்க நெய்யிறதுதான் சார்."

"வெளுக்காத துணி. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"வலிங்கிறது வீட்டுக் காவக்காரன் மாதிரிங்க. சர்க்கரை உங்க கால்ல அவனைத் தூங்க வச்சிருச்சு. சத்தம் இல்லங்கிறதால திருடன் வரலன்னு இருந்துட்டீங்க." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு விரலும் அழுகிருச்சு, எடுத்தாகணும். இன்னைக்கே. அழுகின சதையெல்லாம் சுரண்டிச் சுத்தம் பண்ணணும். இன்சுலின் ஆரம்பிக்கணும். அடுத்த வாரம் வாரேன்னு போனீங்கன்னா, அப்ப எதுவரைக்கும் எடுக்கணும்னு என்னால சொல்ல முடியாது."

தவசிமுத்து எழுந்துவிட்டார். எழுந்தவருக்குப் போக வழி தெரியவில்லை. வாசலில் கிருபாபாய் நின்றிருந்தாள்.

"மதினி, கண்ணு முழிக்கும்போது எனக்குக் கால் இருக்குமா?"

"தெரியாது கொழுந்தனாரே. பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "போகலன்னா இருக்காது. அது மட்டும் தெரியும். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

அவர் திரும்பி வந்து படுத்தார்.

கண் விழித்தபோது மறுநாள் காலை வெயில் ஜன்னலில் ஏறியிருந்தது. காலுக்கு மேல் கூண்டு வைத்துப் போர்வை போட்டிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கிருபாபாய் சொன்னபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தவசிமுத்து வாயைத் திறக்கப் போனார். அப்போதுதான் அது ஆரம்பித்தது.

சுண்டுவிரல் அரித்தது.

இரண்டு வருடமாக ஒன்றும் தெரியாத காலில், நன்றாக, தெளிவாக, விரல் இடுக்கில் அரித்தது. சந்தோஷப்படவேண்டிய மனிதர் நடுங்கிப்போனார். அண்ணனுக்கு அரித்தது, அங்கே கால் இல்லை. எனக்கும் அரிக்கிறது. அப்படியானால் எடுத்துவிட்டார்கள். முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். பொய் சொல்லி என்னைப் படுக்கவைத்து எடுத்துவிட்டார்கள். அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"என்ன செய்யுது?" கிருபாபாய் எழுந்து வந்தாள்.

"அரிக்குது மதினி."

அவள் முகம் மாறியது. அந்த வார்த்தையை அவளும் மறக்கவில்லை. 

"எந்த விரலு?"

"சுண்டுவிரலு."

"அது இல்ல கொழுந்தனாரே. அதுவும் பக்கத்து விரலும் போயிருச்சு. மத்தது எல்லாம் இருக்கு. கால் இருக்கு. போர்வைய எடுக்கேன், பாருங்க."

"வேண்டாம். பாக்க மாட்டேன்."

கிருபாபாய் அதற்குமேல் கெஞ்சவில்லை. அவர் முதுகைத் தாங்கி நிமிர்த்தி உட்காரவைத்து, கையைப் பிடித்துப் போர்வைக்குள் கொண்டுபோனாள். கட்டு தட்டுப்பட்டது, கட்டுக்கு வெளியே கட்டைவிரல். கைக்கு விரல் தெரிந்தது, விரலுக்குக் கை தெரியவில்லை. யாரோ ஒருவருடைய காலைத் தொடுவதுபோல் இருந்தது. ஆனால் சூடாக இருந்தது. அவர் அதை விடவே இல்லை. பிடித்துக்கொண்டே, வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதார். அண்ணனுக்காகவும் சேர்த்துத்தான் அழுதார்.

பரிபூரணம் காப்பியோடு வந்தபோது அழுகை ஓய்ந்திருந்தது. அவர் காப்பியை வாங்கவில்லை.

"ஏட்டி, முகம் பாக்குற கண்ணாடி இருந்தா எடு."

"இப்ப எதுக்குங்க?"

"அந்தக் காலைத் தூக்கு. வலது காலை. அடியில கண்ணாடியக் காட்டு."

அவள் காலைத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடியைக் காட்டினாள். குதிகாலைப் பார்த்தார். விரல் இடுக்கை விரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று பரிபூரணம் சொன்னாள். ஒன்றும் இல்லை என்று கிருபாபாயும் குனிந்து பார்த்துச் சொன்னாள். தவசிமுத்து இரண்டு பேரையும் நம்பவில்லை, காலை அதைவிட நம்பவில்லை. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார்.