இருபது நிமிடம் நிறுத்தி வைத்தது

மீமிசலில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பல கல்லூரிகளின் மெயில்கள் அதன் வழியாகத்தான் போகும். அன்று மதியத்திலிருந்து நாற்பத்தெட்டாயிரம் மெயில்கள் நகராமல் நின்றன. அதில் ஒன்று என் தங்கை இசைவாணியுடையது. ஜெர்மனி ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் நர்சிங் கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பிய சம்மதக் கடிதம். வேறு முகவரியிலிருந்து போனால் செல்லாது. ஐந்து மணிக்குள் சேராவிட்டால் வேலை அடுத்தவருக்கு.

மணி நாலு இருபது. டிஸ்க் சரி, லைன் சரி. சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தால், மெயில்களை வாங்க வேண்டிய எதிர்முனை சர்வர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தது: கூட்டமாக வராதே, பிறகு வா. வேகம் வேண்டுமென்று போன வாரம் ஒரே நேரத்தில் நூறு இணைப்பு போகும்படி மாற்றிய கெட்டிக்காரன் நான்தான். அவர்கள் மறுக்க மறுக்க எங்கள் சர்வர் விடாமல் போய் நின்றிருக்கிறது.

“என்னுத மட்டும் முன்னால தள்ளி விடுண்ணே,” என்றாள் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த இசைவாணி.

“தள்ளிப் பாத்துட்டேன் ஆத்தா. நம்ம பக்கத்துலேருந்து எது போனாலும் திருப்பி விடுறான். இருவது நிமிசம் எல்லாத்தையும் நிப்பாட்டணும், அப்பத்தான் கதவைத் தொறப்பான்.”

“நிப்பாட்டுனா எப்புடிண்ணே போவும்?”

நூறை நாலாக்கி, அவளுடையதை முன்வரிசையிலேயே விட்டு, எல்லாவற்றையும் நிறுத்தினேன். பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஜன்னல் வழியே உப்புக் காற்று வந்தது. தூரத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டும் கேட்காமலும் இருந்தது. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தவளுக்குக் கண் சொருகியது. நான் கொஞ்சம் அசந்துவிட்டால் போதும், ஐந்து மணி தானாகத் தாண்டிவிடும், சர்வர் மேல் பழி போய்விடும். அம்மா போனபிறகு இந்த வீட்டில் கேட்கிற பேச்சே இவளுடையதுதான். இவள் போகக்கூடாது என்று இருந்தது.

நாலு நாற்பத்தைந்துக்குத் திறந்துவிட்டேன். முதல் நாலும் திரும்பி வந்தன. சற்று நிம்மதியாக இருந்தது. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த நாலு போயின. அதற்கடுத்த நாலும். நாலு ஐம்பத்து மூன்றுக்கு அவள் பெயர் இருந்த வரி, சேர்ந்துவிட்டது என்ற குறிப்போடு திரையில் மேலேறி மறைந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“போயிருச்சாண்ணே?”

“இன்னும் இல்ல.”

எழுந்து வந்து என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டாள். திரையின் கீழேயிருந்து வரும் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துத் தன் பெயரைத் தேடத் தொடங்கினாள்.