பின்சக்கரத்து போல்ட்

“வண்டி எங்க இருக்கு?” என்று அவள் கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கணவரின் உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதோ கதறப்போகிறாள் என்று தோளைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்ற பக்கத்து வீட்டு டீச்சர், தன் காதில்தான் கோளாறோ என்று அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் “அம்மா...” என்றாள்.

“எருமை எங்கன்னு கேக்குறேன்.”

எருமை என்பது அவருடைய மோட்டார் சைக்கிள். கறுப்பு நிறம், இருநூற்று முப்பது கிலோ. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். வாங்கி வந்த அன்றே வாசலில் நின்று அவள் வைத்த பெயர். அவருக்கும் பிடித்துப்போய் அதுவே நிலைத்துவிட்டது.

“பின்கட்டுல போட்டிருக்கு அண்ணி,” என்றான் கொழுந்தன். “ஸ்டேஷன்ல தெரிஞ்ச ஆள் இருந்தாரு, விட்டுட்டாங்க. அது எதுக்கு இப்ப?” அதோடு விட்டிருக்கலாம். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. “எத்தன தடவ சொன்னேன், வித்துத் தொலைங்கன்னு! ஒரு மெக்கானிக்கிட்ட விடுறது கெடையாது. வீட்டுலயே புருஷனும் பொண்டாட்டியும் பிரிச்சு மேய்ஞ்சா? ரோடு பூரா எண்ணெய் கெடந்துச்சாம். போலீஸ்காரரே சொல்றாரு.”

“சித்தப்பா, போதும்,” என்றாள் மகள்.

அவன் அண்ணனின் கால்மாட்டில் போய் நின்று அழுதான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ரோட்டில் எண்ணெய் கிடந்தது என்பதை நேற்றுக் காலையே ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ சொல்லக் கேட்டுவிட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. புருஷன் செத்ததற்கு அழுவதா, தானே கொன்றுவிட்டோம் என்று அழுவதா என்று தெரியாமல் எப்படி அழுவது?

ஏனென்றால் அந்த போல்ட்டை முடுக்கியவள் அவள்.

மற்ற வண்டிகளைப் போல எருமைக்குச் செயின் கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு இரும்புத் தண்டு பின்னால் ஓடி, பின்சக்கரத்தை ஒட்டியிருக்கும் கியர் பெட்டியைச் சுழற்றும். பெட்டிக்குள் ஒரு டம்ளர் எண்ணெய் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி அதை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அடிப்போல்ட் சரியாக இறுகாவிட்டால் எண்ணெய் கசியும், கசிந்தால் நேரே டயரில் வழியும். வளைவில் அந்த டயர் என்ன செய்யும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இருபது வருஷமாக அந்த வேலையில் அவளுடைய பங்கு டார்ச் பிடிப்பதும் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதுமாகத்தான் இருந்தது. பகலில் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. டாக்டர் கையை நீட்டுவதற்குள் என்ன கருவி வேண்டுமென்று தெரிந்து அதை உள்ளங்கையில் வைத்துப் பழகியவள். வீட்டிலும் அதேதான். “நம்ம வீட்டுலயும் டாக்டரம்மா ரெடி, பேஷண்ட்டும் ரெடி” என்று அவர் எருமையின் முதுகில் தட்டுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிப் பெட்ரோல் டேங்கில் ஒரு வடு விழுந்தது. அடுத்த மாதம் இன்னொரு முறை நழுவியது. அதற்கடுத்த ஞாயிறு அவர் ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். “டாக்டரம்மா, இனிமே ஆபரேஷன் நீங்க பண்ணுங்க. நான் கம்பவுண்டர்.” நீட்டிய கை அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். கோடு கோணலாகத் தொடங்கியபோது, இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான், நமக்கு என்ன வேலை என்று சொல்லி முன்கூட்டியே ஓய்வு வாங்கிவிட்டார். தம்பி நம்பினான், மகள் நம்பினாள். நரம்பு டாக்டரிடம் அவள் ஒருமுறை நேரம் வாங்கினாள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார் அவர். சரி என்று விட்டுவிட்டாள். போனால் டாக்டர் முதல் காரியமாக எதை நிறுத்தச் சொல்வார் என்று இருவருக்கும் தெரியும். எருமை மேல் ஏறி ஊரைச் சுற்றி வருகிற அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு மிச்சம் இருந்தது. திரும்பி வரும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

போன ஞாயிறும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. பின்கட்டில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்.

“மொதல்ல எண்ணெய் ஊத்துற மேல் போல்ட்ட லூஸ் பண்ணு. அது கழலுதான்னு பாக்காம அடிய வடிச்சிட்டா, அப்புறம் காலிப் பெட்டிய வெச்சுக்கிட்டு முழிக்கணும்.”

“தெரியும். வருஷா வருஷம் சொல்றீங்க.”

“கம்பவுண்டர் சொல்லித்தான் ஆகணும். அது அவன் டூட்டி.”

பழைய எண்ணெய் வடிந்தது. அடிப்போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டுக் கையால் திருகினாள். பிறகு டார்க் ரெஞ்சை எடுத்தாள். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்துவிட்டால், அது வந்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். “இருபத்து மூணு,” என்று அவர் படித்தார். அவள் இருபத்து மூன்று வைத்துத் திருகிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் குக்கர் அலறியது.

“கேட்டுச்சா?” என்றார் அவர்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்று ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைக்க ஓடினாள்.

கேட்டதா? நேற்றிலிருந்து அவள் அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தாள். குக்கர் சத்தம் கேட்கிறது, அவர் கேட்பது கேட்கிறது. ‘டிக்’ மட்டும் எவ்வளவு முயன்றாலும் கேட்கவில்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் புருஷன்காரன் ஒருமுறை தொட்டுப் பார்த்திருப்பான். அவர் தொட்டுப் பார்க்கமாட்டார். தொட்டால் கை ஆடுவது தெரியும்.

“மூணு மணிக்கு எடுக்குறாங்க,” என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். மணி பன்னிரண்டரை. அவள் எழுந்தாள். முகம் கழுவப் போகிறாள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள்.

பின்கட்டில் எருமை இடது பக்கமாகப் படுத்துக் கிடந்தது. மேலே ஒரு தார்ப்பாய் மூடியிருந்தது. அவள் அதைப் பின்பக்கம் மட்டும் விலக்கினாள். முன்பக்கத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கருவிப் பெட்டியிலிருந்து ரெஞ்சை எடுத்தாள். வேலை முடிந்ததும் அளவைச் சுழியத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அவள்தான் திருப்பி வைத்திருந்தாள். மறுபடியும் இருபத்து மூன்றுக்குக் கொண்டுவந்தாள். மண்டியிட்டு அடிப்போல்ட்டில் மாட்டினாள். அன்றைக்குச் சரியாக இறுகாமல் இருந்தால், ‘டிக்’ வருவதற்குள் போல்ட் இன்னும் கொஞ்சம் திரும்பும்.

‘இளகு’ என்று அவள் மனம் சொன்னதா, ‘இளகாதே’ என்று சொன்னதா என்று கேட்டால் அவளால் சத்தியமாகச் சொல்ல முடியாது.

இழுத்தாள். போல்ட் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. டிக்.

மறுபடி இழுத்தாள். டிக். மூன்றாம் தடவையும் அதே. பெட்டியைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. டயரை முழுக்கத் தடவிப் பார்த்தாள். புழுதிதான் ஒட்டியது.

நான் இல்லை. நான் சரியாகத்தான் முடுக்கியிருக்கிறேன். நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. “என்னங்க, டிக்குன்னுச்சுங்க,” என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்தத் தைரியத்தில்தான் தார்ப்பாயை முழுக்க இழுத்தாள்.

முன்சக்கரம் உள்நோக்கி மடிந்திருந்தது. அதைத் தாங்கும் குழாய் இரண்டும் பிளந்து உள்ளேயிருந்த எண்ணெய் எல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. ரோட்டில் கிடந்த எண்ணெய் இதுதான். மோதிய பிறகு கொட்டியது. வளைவில் நின்றுகொண்டிருந்த டிரெய்லர் லாரியில் மோதினார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நேராகப் போய் மோதியிருக்கிறார். டயர் வழுக்கவேயில்லை.

வலதுபக்கக் கைப்பிடி மட்டும் அப்படியே இருந்தது. முன் பிரேக்கின் பிடி அதில்தான் இருக்கிறது. அந்தப் பிடியின் மூட்டில் ஒரு சின்னச் சக்கரம், அதில் ஒன்றிலிருந்து நான்கு வரை எண்கள். ஒன்றில் வைத்தால் பிடி விரலிலிருந்து தள்ளியிருக்கும். நான்கில் வைத்தால் மிக அருகில் வந்துவிடும், சின்னக் கைக்காரர்களுக்கும் கையில் பலமில்லாதவர்களுக்கும். அவருடையது எப்போதும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போதும் ஒன்றுதான்.

இப்போது அது நான்கில் இருந்தது. போதாததற்குப் பிடியைச் சுற்றி சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றியிருந்தார். கோணல்மாணலாக, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் விலகி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்ததுபோல. எவ்வளவு நேரம் போராடிச் சுற்றினாரோ. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் செய்திருக்க வேண்டும்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரியும். ஸ்பேனரையே பிடிக்க முடியாத கை பிரேக்கை எப்படிப் பிடிக்கும் என்ற ஒரு கேள்வியை மட்டும் இரண்டு பேரும் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் ஒவ்வொரு போல்ட்டையும் இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்றாக முடுக்கி, வண்டியில் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துப் பார்த்துத் தயார் செய்து, அவரை ஏற்றி அனுப்பியிருக்கிறாள். ஒரு போல்ட்டாவது லூசாக இருந்திருந்தால் அவர் அன்றைக்குப் போயிருக்கமாட்டார். நரம்பு டாக்டரிடம் அந்த ஒரு நாள் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் இன்று கூடத்தில் உட்கார்ந்து தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எருமையின் சீட்டில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் கூடத்துக்குக் கேட்காமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கொழுந்தன் வந்து நின்றான். கீழே கிடந்த ரெஞ்சைப் பார்த்தான்.

“மன்னிச்சிருங்க அண்ணி. ஏதோ வாய் தவறி...” என்றவன், கொஞ்சம் தயங்கி, “என்ன கோளாறாம்?” என்றான்.

“வண்டில ஒண்ணும் கோளாறு இல்ல.”

“அப்புறம் எப்படி அண்ணி? முப்பது வருஷமா ஓட்டுற மனுஷன்.”

அவள் ரெஞ்சைச் சுழியத்துக்குத் திருப்பிப் பெட்டியில் வைத்தாள். பிரேக் பிடியிலிருந்த ரப்பரை நகத்தால் கிளப்பிப் பிரித்தாள். எளிதாகவே கழன்று வந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, “உள்ள வாங்க தம்பி, ஆளுங்க வந்துக்கிட்டு இருக்காங்க,” என்றாள்.

கூடத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. அவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். மகள் நகர்ந்து இடம் கொடுக்க, அவள் கட்டிலின் வலதுபக்கம் உட்கார்ந்தாள். அவர் வலது கை போர்வைக்கு வெளியே இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

இந்த இரண்டு வருஷமும் வீட்டுக்கு யாராவது வந்தால் அவள் அவருக்கு அந்தப் பக்கம்தான் உட்காருவாள். பேச்சோடு பேச்சாக அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொள்வாள். இந்த வயதில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையுமா என்று வந்தவர்கள் கேலி செய்வார்கள்.

இப்போதும் அவள் கை தானாகப் போய் அதன் மேல் படிந்து அழுத்தியது.

எடுக்க வந்தவர்கள் இரண்டு முறை சொன்ன பிறகுதான் அவள் கையை விலக்கிக்கொண்டாள்.